கல்லீரல் அடைப்பும் ஒரு கட்டிலின் கணக்கும்

மருத்துவம் தொடர்பாக ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நம்மவர்களிடையே அவை மிகுதி. படிப்பவர்களுக்கும் உடனே பயன்படும். ஆயினும், மருத்துவமனை மருந்தாளுநராக நான் வேலை செய்த ஆண்டுகளில், என்னை இரவில் அமர்ந்து தமிழ்ச் சொல் தேட வைத்த நோய் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். கழகத்தில் இருந்த நாளில் சொற்போர் மேடைகளில் நான் பேசிய தமிழ் எதுவும், ஒரு தாயிடம் இந்நோயை விளக்க வேண்டிய வேளையில் எனக்கு உதவவில்லை.

இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்யப்படுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் எலும்பு மச்சையில் இருந்துகொண்டு இரத்த அணுக்களை உருவாக்குகின்றன. நோயுற்ற மச்சையைக் கடும் மருந்துகளாலும் சில வேளைகளில் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, கொடையாளரின் குருத்தணுக்களை நரம்பு வழியாகச் செலுத்துவதே இச்சிகிச்சை. இத்துறைக்கு வழிகாட்டிய அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். சிங்கப்பூரில் இச்சிகிச்சை 1985இல் தொடங்கியது. மலேசியாவில் 1987இல், இன்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் என்று அழைக்கப்படும் மருத்துவமனையில் முதன்முதலாக நடந்தது.

குருத்தணுக்களைச் செலுத்தும் நாளை நாங்கள் 'சுழியம் நாள்' என்போம். பார்ப்பதற்கு அது ஒரு பை இரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். முதன்முறை பார்க்கும் குடும்பத்தினர், "இவ்வளவுதானா?" என்று கேட்பது வழக்கம். அதற்குப் பிறகு வரும் மூன்று வாரங்கள்தாம் கடினமானவை. கிருமித் தொற்று, வாய்ப்புண், கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது என்று பலவும் வரலாம். அவற்றுள் ஒன்றுதான் நான் சொல்ல வந்த கல்லீரல் அடைப்பு. மருத்துவர்கள் இதை நெடுங்காலம் 'வெனோ ஒக்லூசிவ் டிசீஸ்' என்றார்கள். அடைப்பு முதலில் சிரைகளில் தோன்றுவதில்லை, கல்லீரலின் உள்ளே சைனுசாய்டு எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழல்களிலேயே தோன்றுகிறது என்பது தெளிவான பின்னர், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'சைனுசாய்டல் அப்ஸ்ட்ரக்‌ஷன் சிண்ட்ரோம்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. நான் இங்குக் 'கல்லீரல் நுண்குழல் அடைப்பு' என்று எழுதுகிறேன். இச்சொல்லைப் பற்றி எனக்கே ஒரு குறை உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நோய் உண்டாகும் விதம் இதுதான். மச்சையை அழிக்கக் கொடுக்கும் புசல்ஃபான், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளும் கதிர்வீச்சும் நுண்குழல்களின் உட்சுவரில் உள்ள அணுக்களையும் தாக்குகின்றன. அவ்வணுக்கள் உருண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இடையில் விழுந்த இடைவெளி வழியாகச் சிவப்பணுக்கள் சுவருக்குப் பின்னால் புகுந்துகொள்கின்றன. பெயர்ந்த சுவரணுக்கள் ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்பட்டு, குழலின் கீழ்ப்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கல்லீரல் வீங்கி வலிக்கிறது, வயிற்றில் நீர் சேர்கிறது, பித்தநீரின் நிறமி இரத்தத்தில் ஏறிக் கண் மஞ்சளாகிறது. ஏற்றிய இரத்தத் தட்டணுக்கள் நிற்காமல் மறைந்துவிடுகின்றன. நோய் முற்றினால் சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும்.

இதே நோய் மருந்தே இல்லாமலும் வந்திருக்கிறது என்பது தமிழ் படிப்பவர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். 1954இல் ஜமைக்காவில் குழந்தைகளிடம் கண்ட கல்லீரல் நோய்க்குத்தான் 'வெனோ ஒக்லூசிவ்' என்ற பெயர் முதலில் சூட்டப்பட்டது. அங்கு வீட்டு வைத்தியமாகச் செடிகளைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் 'புஷ் டீ' அதற்குக் காரணமாக இருந்தது. அச்செடிகளுள் ஒன்று குரோட்டலேரியா இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர்களில் அவ்வினச் செடிகளைக் கிலுகிலுப்பை என்கிறோம். காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும். 1970ஆம் ஆண்டுகளில் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் சாமை தானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்துவிட, அதை உண்ட சிற்றூர் மக்களிடையே இந்நோய் பரவலாகக் கண்டு பலர் மாண்டனர். செடியில் இருந்த நஞ்சும் புற்றுநோய் மருந்தும் கல்லீரலின் ஒரே இடத்தைத் தாக்குகின்றன.

ஒரு கிலோ எடை

இந்நோயைக் கண்டுபிடிக்க மிகவும் பயன்படும் கருவி எது தெரியுமா? எடைக் கருவி. அமெரிக்காவின் சியாட்டல், பால்டிமோர் நகர மருத்துவர்கள் 1980ஆம் ஆண்டுகளில் வகுத்த அளவுகோல்களையே நாங்கள் முதலில் படித்தோம். சியாட்டல் அளவுகோலின் திருத்திய வடிவத்தின்படி, சுழியம் நாளிலிருந்து 20 நாள்களுக்குள் மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: பிலிருபின் நிறமி 34 மைக்ரோமோலுக்குக் குறையாமல் இருப்பது, கல்லீரல் வீக்கம் அல்லது வலி, எடை 2 விழுக்காட்டுக்கு மேல் கூடுவது. பால்டிமோர் அளவுகோல் சற்றுக் கடுமையானது. அதில் எடை 5 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். ஐரோப்பிய மருத்துவர் அமைப்பு 2016இல் பெரியவர்களுக்கென்று வேறு அளவுகோலை வெளியிட்டது. 21 நாள்களுக்குப் பின்னரும் இந்நோய் வரலாம் என்பது அதில் சேர்க்கப்பட்டது. அளவுகோல் எதுவானாலும், காலையில் நோயாளி எடைக் கருவியில் ஏறி நிற்பது மட்டும் மாறவில்லை.

ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 2 விழுக்காடு என்பது ஒரே ஒரு கிலோ. ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். வீட்டில் நாம் பொருட்படுத்தாத அளவு இது. வார்டில் அந்த ஒரு கிலோவுக்காக இரண்டு மருத்துவர்கள், ஒரு மருந்தாளுநர், இரண்டு தாதியர் சேர்ந்து நின்று தாள்களைப் புரட்டுவோம்.

இனி நான் சொல்வது, சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நடந்தது. நோயாளி 19 வயது இளைஞர். அவருக்குக் குருத்தணு கொடுத்தவர் அக்காள். தந்தை லாரி ஓட்டுநர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாய், முகக்கவசமும் மேலங்கியும் அணிந்து மகனோடு அறையிலேயே தங்கியிருந்தார். இளைஞரின் எடை 52 கிலோ. சுழியம் நாளுக்கு எட்டு நாள் முன்னரே சேர்த்தார்கள். எல்லாம் சரியாக நடந்தால் 25ஆம் நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். ஆக மொத்தம் 33 நாள்.

ஒன்பதாம் நாள் எடை 53.1. பதினோராம் நாள் 54.8. அன்று பிலிருபின் 41. வலது விலாவின்கீழ்த் தொட்டாலே வலித்தது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. நீர்க் கட்டுப்பாடு தொடங்கியது. இவ்விடத்தில் மருந்தாளுநரின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளி வாயால் குடிக்கும் நீரைக் காட்டிலும், மருந்துகளைக் கரைத்து ஏற்றும் நீர் அதிகம். ஒரு நாளைக்கு ஒன்பது பத்துப் பைகள் ஏறும். 100 மில்லிலிட்டரில் கரைத்த மருந்தை 50இல் கரைக்க முடியுமா, உப்புநீருக்குப் பதிலாகக் குளுக்கோஸ் நீர் ஏற்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கல்லீரல் தளர்ந்தால் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் ஏறும். அதன் அளவைக் குறைக்க வேண்டும். அன்று நான் கணக்குப் போட்டு முடிக்கும்போது மாலை ஆகிவிட்டது. நாள் ஒன்றுக்கு 600 மில்லிலிட்டர் மிச்சம் பிடித்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆனால், எடை இறங்கவில்லை. உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் எழுதும் தாளின்படி எடை குறைந்திருக்க வேண்டும். மருத்துவர்கள் சிறுநீர் பெருக்கும் மருந்தைக் கூட்டினார்கள். பொட்டாசியம் இறங்கியது, சிறுநீரகத்தின் அளவுகள் கெடத் தொடங்கின. நோய் முற்றுகிறதோ என்று அனைவருக்கும் அச்சம்.

பதினைந்தாம் நாள் காலை மருந்துப் பட்டியலைச் சரிபார்க்க உள்ளே போனேன். "பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "ஆச்சு தம்பி" என்றவர், கையிலிருந்த டம்ளரைத் திருப்பி வைத்தார். அடியில் பச்சை ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு மஞ்சளாயிருச்சுன்னு மிஸி சொன்னாங்க. காமாலைதானே தம்பி? எங்க தோட்டத்துல காமாலைன்னா கீழாநெல்லிதான் அரைச்சுக் கொடுப்போம். மாமா தினம் பிளாஸ்க்குல கொண்டாந்து தர்றாரு. காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர்."

நான்கு நாள்களாக, தாளில் ஏறாத நீர் நாளுக்கு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர். நான் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கே போயிருந்தது. அதைவிடப் பெரிய அச்சம் வேறு: வெள்ளணுக்கள் இன்னும் சரியாக முளைக்காத உடலில், வேகவைக்காத இலைச்சாறு. மண்ணிலிருந்து பறித்த எந்த இலையிலும் கிருமி இருக்கும்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மா தவறாக எதையும் கணக்கிடவில்லை. நோயின் பெயரை அவரிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். அவருக்கு விளங்கிய ஒரே சொல், யாரோ மொழிபெயர்த்துச் சொன்ன 'காமாலை'. தமிழில் காமாலை என்ற சொல்லோடு மருந்தும் சேர்ந்தே வருகிறது. சொல்லைக் கொடுத்தவர்கள் நாங்கள். அவர் அதற்குரிய மருந்தைத் தேடிக்கொண்டார்.

அன்றுதான் முதன்முறையாக இந்நோயைத் தமிழில் விளக்க முயன்றேன். 'நுண்குழல்', 'உட்சுவர்' என்று தொடங்கித் தடுமாறினேன். பிறகு கேட்டேன்: "அம்மா, உங்க லயத்துக்குப் பின்னால லோங்காங் ஓடுமில்ல? அதுல இலையும் சேறும் அடைச்சுக்கிட்டா மழைத் தண்ணி எங்க போகும்?"

"வீட்டுக்குள்ளதான் வரும்."

"தம்பி ஈரல்ல அந்த மாதிரி அடைச்சிருக்கு. நாம மேல ஊத்துற ஒவ்வொரு டம்ளரும் வயித்துலதான் நிக்கும்."

அவர் சற்று நேரம் மகனின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்க் அன்றோடு நின்றது. மூன்றாம் நாள் எடை 53.9க்கு இறங்கியது. நோய் முற்றாமல் மெல்ல விலகியது. அந்தச் சாறுதான் நாள்களை நீட்டியது என்று நான் சொல்ல மாட்டேன், பெரும்பங்கு நோயினுடையது. ஆயினும், கெட்ட சிறுநீரகம் தேறுவதற்குச் சில நாள்கள் பிடித்தன என்பதும் உண்மை. இளைஞர் 42ஆம் நாளில் வீட்டுக்குப் போனார். 33 நாள் 50 நாள் ஆயிற்று.

பதினேழு நாள்களின் விலை

135 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, குருத்தணு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் சராசரியாக 13.7 விழுக்காட்டினருக்கு இந்த அடைப்பு வந்திருந்தது. கடுமையான நிலைக்குச் சென்றவர்களில் 84.3 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். இன்று மருந்தின் வேகத்தைக் குறைத்துச் செய்யும் முறைகள் வந்துவிட்டதால் நிலை பல இடங்களில் மேம்பட்டுள்ளது. எனினும் ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்கள், இரண்டாம் முறை மாற்றுச் சிகிச்சை பெறுபவர்கள், இரும்புச்சத்து மிகுந்துபோன தலசீமியா பிள்ளைகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஜெம்டுசுமாப், இனோடுசுமாப் போன்ற புதிய புற்றுநோய் மருந்துகளாலும் இவ்வடைப்பு வரக்கூடும். உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரையைத் தடுப்பாகப் பல மையங்களில் கொடுக்கிறார்கள்.

கடுமையான நிலைக்கென்று உள்ள மருந்து டிஃபைப்ரோடைடு. ஐரோப்பாவில் 2013இலும் அமெரிக்காவில் 2016இலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2016இல் வெளிவந்த ஆய்வில், பல உறுப்புகள் பாதிக்கப்பட்ட 102 பேருக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. நூறாம் நாளில் 38 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். மருந்தில்லாத பழைய நோயாளிகள் 32 பேரோடு ஒப்பிட்டபோது, அங்கு அது 25 விழுக்காடு. பெரிய வெற்றி என்று சொல்லிவிட முடியாது; ஆனால் வேறு எதுவும் இல்லாத இடத்தில் இது ஒரு வாய்ப்பு. முன்கூட்டியே கொடுத்தால் நோயைத் தடுக்கலாமா என்று பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. அதில் பயன் காணப்படவில்லை. இம்மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. நம் நாட்டில் அதைக் குடும்பத்தினரிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

நான் சொன்ன இளைஞருக்கு அம்மருந்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். கிலோவுக்கு 25 மில்லிகிராம் வீதம் 52 கிலோவுக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம். அதை நான்காகப் பிரித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். குறைந்தது 21 நாள்; அதாவது 84 முறை. ஒரு புட்டியில் 200 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 325 என்பதால் இரண்டு புட்டி உடைக்க வேண்டும். மிஞ்சுவதைப் பயன்படுத்த முடியாவிட்டால் 168 புட்டிகள். ஒவ்வொரு புட்டியும் விலை மிகுந்தது. நள்ளிரவு மருந்தைத் தயாரிக்க ஆள் வேண்டும். 168 மணி நேரம் ஒரு நரம்புக் குழாய் இந்த ஒரு மருந்துக்கே போய்விடும். சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ், நுரையீரல் தளர்ந்தால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவி. அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளைக் கொண்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது: இந்த அடைப்பு வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் தங்கினார்கள், செலவும் கூடியது, நோய் கடுமையாக இருந்தவர்களிடம் இவ்விரண்டும் இன்னும் பன்மடங்கு தெரிந்தன.

ஆனால் பதிவேட்டில் ஏறாதவை சில உண்டு. அந்த லாரி ஓட்டுநருக்கு ஓட்டினால்தான் கூலி. மருத்துவமனைக்கு வந்த நாள்களில் கூலி இல்லை. 33 நாளுக்குக் கடன் வாங்கியிருந்தவர், மேலும் 17 நாளுக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். இதை அவர் சொல்லவில்லை. கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கட்டில் வேறு இருக்கிறது. காற்று வடிகட்டி பொருத்திய தனியறைகள் எந்த மருத்துவமனையிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம். அந்த இளைஞரின் அறைக்கு அடுத்ததாகப் பெயர் எழுதியிருந்தவர் ஓர் ஆசிரியை. அவருக்கும் இரத்தப் புற்றுநோய், மருந்தில் அடங்கியிருந்தது. அடங்கியிருக்கும் வேளையில்தான் மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும். அறை காலியாகாததால் அவருக்குக் கொடுத்த தேதி முதலில் ஒரு வாரமும், பிறகு மேலும் பத்து நாளும் தள்ளிப்போனது. மூன்றாம் தேதிக்கு நான்கு நாள் முன்பு எடுத்த இரத்தச் சோதனையில் நோய் திரும்பியிருந்தது. மீண்டும் கீமோதெரப்பியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பதினேழு நாளுக்கு முன்னரே செய்திருந்தால் அவர் தப்பித்திருப்பாரா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த இளைஞரும் அவர் தாயும் இதற்குப் பொறுப்பல்லர். அவர்களுக்கு இது தெரியவும் தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரியும். அறைக் கதவில் பெயர் மாற்றும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

அதற்குப் பின்னர்தான் ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதினேன். எடையை ஏன் அன்றாடம் பார்க்கிறோம், குடிப்பதை எல்லாம் ஏன் எழுதச் சொல்கிறோம், வயிறு உப்பினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பனவே அதில் உள்ளவை. கண் மஞ்சளாவது பற்றி எழுதிய இடத்தில் காமாலை என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். கடைசியில் ஒரு கேள்வி: "வீட்டிலிருந்து குடிக்க என்ன கொண்டு வந்தீர்கள்? கோபப்பட மாட்டோம், சொல்லுங்கள்." அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை: நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு, யாரோ அனுப்பிய பெயர் தெரியாத பொடி.

முதல் படியில் 'கல்லீரல் நுண்குழல் அடைப்பு' என்று தலைப்பிட்டிருந்தேன். அதைப் படித்த பெரியவர் ஒருவர், "நுண்குழல்னா என்ன குழல் தம்பி, புல்லாங்குழலா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான்தான் சிரித்துவிட்டேன். மறுநாள் தலைப்பை மாற்றினேன். இப்போதுள்ள தாளில் 'ஈரலுக்குள் இரத்தம் ஓடும் சின்னக் கால்வாய்களில் அடைப்பு' என்றிருக்கிறது. நீளமான தலைப்பு, சொல்லாக்கக் குழு எதுவும் இதை ஏற்காது. இதைவிடச் சுருக்கமாக, அந்தப் பெரியவருக்கும் விளங்கும்படி ஒரு சொல் உங்களில் யாருக்கேனும் தோன்றினால் மலர்க்குழுவின் வழியாக எனக்கு எழுதுங்கள். தாளை மறுபடி அச்சடிக்கும்போது மாற்றிக்கொள்கிறேன்.